பென்சில் வட்டங்கள்

நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று, நீளமான ஒயர், பிடித்துக்கொள்ள ஒரு மரக்கட்டை. அண்ணியின் அப்பா தன் கையாலேயே கட்டி வைத்திருந்த விளக்கு அது. பகல் பதினொரு மணிக்கு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, அந்தப் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் வழவழவென்று தெரிகிற சுவர், வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் வேறு முகம் காட்டும். மிளகு அளவு மேடுகூட ஒரு நிழலை இழுத்துக்கொண்டு நிற்கும். நிழல் தெரிகிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தில் அவர் மறுபடி பட்டி மாவைக் குழைத்து வைப்பார். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்ப்பார். தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு நாட்கள் நான் வட்டம் போட்டேன், அவர் தேய்த்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நிழலே இல்லாத இடத்திலும் நான் வட்டம் போட்டேன். இதைப் போன மாதம்வரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குத் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டு அம்மா பார்த்துக்கொண்டார். என் அண்ணன் ஒரு விதைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பேராவூரணிப் பக்கம் போனவர், அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய் அம்மாவிடம் வந்து நின்றார். சாதியில் குறை சொல்ல அம்மாவுக்கு வழியில்லை. தொழிலில்தான் குறை. பெண்ணின் அப்பா பெயிண்டர். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் பட்டி பார்த்து வர்ணம் அடிக்கிறவர். சொந்தமாக நாலு தென்னை மரம் நிற்கிற மனைக்கட்டு ஒன்றுதான் அவருக்கு இருந்தது. அம்மா இரண்டு மாதம் அண்ணனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று சம்மதித்தார். ஆனால் அந்தச் சம்மதத்துக்கு அண்ணி ஒவ்வொரு நாளும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணி கோலம் போட்டால் "கை பழக்கம் அப்படி, கோடு நேராத்தான் வரும்" என்பார் அம்மா. யாராவது வந்து அண்ணியின் வீட்டைப் பற்றிக் கேட்டால், "தென்னந்தோப்பு வச்சிருக்காங்க" என்று முந்திக்கொண்டு சொல்வார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். நான் அம்மா பக்கம்தான். அண்ணி நல்லவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மா பக்கம் இருப்பது சுகமாக இருந்தது.

எனக்கு வரன் வந்தது தஞ்சாவூரிலிருந்து. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. பெண் பார்க்க வந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தே பார்த்துப் பிடித்துவிட்டது. அடுத்ததாக அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கை நனைப்பதாகப் பேச்சு. அதாவது, சாப்பிட்டுவிட்டுப் போனால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அம்மாவுக்கு அன்றைக்கே கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். வருடா வருடம் பொங்கலுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த வெள்ளை, அப்பளம் மாதிரி அங்கங்கே கிளம்பியிருந்தது. மேற்குச் சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் புது வீடு கட்டியிருக்கிறார்கள், சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா அண்ணியின் அப்பாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் குரலில் அவ்வளவு தேன் வடிந்து நான் கேட்டதில்லை.

"சம்பந்தி, நல்லாருக்கீங்களா? நம்ம வீட்டு விசேஷம் வருது. வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணணும். வெளியாளுங்கள உள்ள விட எனக்கு இஷ்டமில்ல. நீங்க வந்து பக்கத்துல இருந்து பாத்துக் குடுத்தா மனசுக்கு நிறைவா இருக்கும்."

அடுப்படியில் நின்றிருந்த அண்ணியின் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல்முறையாக அம்மா அவருடைய அப்பாவை அழைக்கிறார். அன்றைக்கு அண்ணி இரண்டு தடவை தானாகச் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் பழப் பை, தோளில் ஒரு சாக்கு நிறையத் தேங்காய். அவர் மட்டுமே வந்திருந்தார். ஆட்கள் வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார். மூன்று வயதாகியிருந்த அண்ணியின் மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அந்தச் செம்பைக் கீழே வைப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஒரு பழைய லுங்கியைக் கொண்டுவந்து நாற்காலிக் கையில் போட்டார்.

"நல்ல துணி வீணாப் போயிடும். மாத்திக்கிடச் சொல்லு" என்றார். அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நிமிடத்தோடு சம்பந்தி என்கிற வார்த்தை முடிந்துபோனது. அதற்குப் பிறகு அம்மா அவரை எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. "சாப்பாடு வச்சிருக்கு", "அந்த மூலை விட்டுப் போயிருக்கு", "கதவை மூடிட்டுத் தேய்க்கச் சொல்லு" என்று சுவரிடம் பேசுவதுபோலப் பேசினார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட வராது. எதிரில் ஒரு ஆள் இருப்பதாகவும் பேச்சில் வராது. படுக்கக் கொல்லைப்புறத்தில் உர மூட்டை வைக்கிற கொட்டகையைக் காட்டினார்கள். "பெயிண்ட் வாடைக்கு உள்ள படுக்க முடியாதுல்ல" என்று அதற்கொரு காரணம் இருந்தது.

அவர் அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கினார். முதலில் சுவர் முழுவதையும் தகட்டால் சுரண்டினார். தாத்தா காலத்துப் பச்சை, அதற்கு மேல் நீலம், அதற்கு மேல் வெள்ளை என்று ஏடு ஏடாக உதிர்ந்தது. விரிசல்களைத் தகட்டின் முனையால் இன்னும் அகலமாகக் கீறிவிட்டார். கெட்டுப்போவதை எதற்கு இன்னும் கெடுக்கிறார் என்று நான் நினைத்தேன். "மேலால மூடுனா நாளைக்கு அதே கோட்டுல திரும்ப வெடிக்கும்மா. உள்ள வரைக்கும் தெறந்து, பட்டி எறங்கணும்" என்றார், நான் கேட்காமலேயே. வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. மற்ற நேரம் இல்லை.

மேற்குச் சுவருக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், விரலால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணி வந்து அம்மாவிடம் சொன்னார். இந்தச் சுவரில் செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு மாதமாவது காயவிட வேண்டும், இல்லாவிட்டால் எதை அடித்தாலும் மூன்று மாதத்தில் உப்புப் பொங்கி வெளியே தள்ளிவிடும் என்றார். வருகிறவர்களுக்கு அதுவரை ஒரு துணி விரித்து மறைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்.

"துணி கட்டி மறைக்கிறதுக்கா இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தது?" என்றார் அம்மா.

அவர் அந்தச் சுவரையும் செய்தார். அடுப்பில் கரி மூட்டிச் சட்டியில் எடுத்துவந்து சுவரோரம் வைத்துக் காயவைத்தார். மாசி மாத வெயில் வெளியே வீணாகிக்கொண்டிருக்க, அவர் உள்ளே கரிச்சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

தேய்க்கிற நாட்கள்தான் மோசம். பட்டித் தூசி மாவு மாதிரி கிளம்பி, கதவிடுக்கு வழியாகக்கூட வந்துவிடும் என்பதால் கூடத்தின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார் அம்மா. சமையல்கட்டுக்குத் தூசி வரக்கூடாது. ஆகவே அவர் அந்தத் தூசிக்குள்ளேயே நாள் முழுவதும் நின்று தேய்த்தார். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொல்லைப்புறம் போய்க் குனிந்து நின்று இருமுவார். வெள்ளையாக வரும். ஆள் போதாது என்று மூன்றாம் நாள் அண்ணியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பழக்கம் போலிருக்கிறது, கை வட்டமாகச் சுழன்று சுழன்று போயிற்று. அப்பாவும் மகளும் ஒரே சுவரில், ஒரே வேகத்தில். சமையல் முடித்துவிட்டு வந்து தேய்ப்பார், தேய்த்துவிட்டுப் போய்ச் சமைப்பார். அண்ணன் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அந்த நாட்களில் அவருக்கு வேலை அதிகமானது.

குழந்தை அடிக்கடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். தாத்தா மேலெல்லாம் வெள்ளை, அவளுக்கு அது விளையாட்டு. ஒருநாள் அவள் தலை, இமை எல்லாம் மாவாக வந்து நின்றபோது அம்மா அவளைக் குளிப்பாட்டிவிட்டுச் சொன்னார்: "இனிமே அங்க போனா கண்ணு தெரியாமப் போயிடும். அந்த ஆளு கிட்டப் போகக் கூடாது." அந்த ஆள் என்றார். குழந்தைக்கு முதலில் யாரென்றே விளங்கவில்லை.

என்னிடம் விளக்கைக் கொடுத்தது அவர்தான். வயதாகிவிட்டது, கண் முன்னே மாதிரி இல்லை, நீங்கள் நிழல் பார்த்துச் சொன்னால் எனக்கு உதவி என்றார். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் உண்மையாகத்தான் செய்தேன். நாற்பது இடம் போல வட்டம் போட்டேன். அவர் ஒன்று விடாமல் சரிசெய்தார். இரண்டாம் நாள் நான் விளக்கைப் பிடித்தபோது சுவரில் நிழலே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை இப்போது என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. வயதான ஒரு மனிதர் கையில் துண்டோடு பின்னால் காத்துக்கொண்டு நிற்கிறார், நான் விரலை நீட்டினால் அந்த இடத்துக்குப் போகிறார், தேய்க்கிறார். அந்த அதிகாரம் என் கைக்குப் பிடித்துவிட்டது. ஒரு வட்டம் போட்டேன். தள்ளி இன்னொன்று. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் மூன்று.

அவர் கிட்டே வந்து தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். அந்த உள்ளங்கைக்குத் தெரியாத மேடு கிடையாது.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்ட பார்வை. "சரிம்மா. உங்க கண்ணுக்குப் படுதுன்னா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். குறையே இல்லாத இடத்தில் பட்டி வைத்தார், காயவிட்டார், தேய்த்தார். ஏணியில் நின்றபடியே இருமல் வந்து, ஒரு கையால் சுவரைப் பிடிக்கப் போய், ஈரப் பட்டியில் கை படக்கூடாதென்று கையை இழுத்துக்கொண்டு, ஏணியையே கட்டிக்கொண்டார். அண்ணி கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளும் நான் வட்டம் போட்டேன்.

பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கை வர்ணம் ஏறியபோது எங்கள் கூடம் வேறு வீடாகிவிட்டது. தந்த நிறம். ஜன்னலைத் திறந்ததும் வெளியே இருக்கிற வேப்பமரத்தின் பச்சை சுவரில் மங்கலாக ஆடியது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அம்மா அந்தப் புகழையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். யார் செய்தது என்று கேட்டவர்களிடம், "ஆள் வச்சுத்தான் செஞ்சோம்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாளே அவர் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அம்மாவின் கணக்கு அதுதான். ஆனால் வாசல் நிலைக்கதவில் ஒரு கை பாக்கி நின்றது. பாதியில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. விடிந்ததும் முடித்துவிட்டுக் காலை பஸ்ஸுக்குப் போய்விடுகிறேன் என்றார். குழந்தையை அம்மா பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அண்ணிக்குப் பட்டுப் புடவை கட்டச் சொன்னார்.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் வாசல் ஏற வேண்டுமாம். மாப்பிள்ளையின் அம்மா காரைவிட்டு இறங்கும்போது அவர் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓரமாக நின்றார். எல்லோரும் உள்ளே போனோம். மாப்பிள்ளையின் அம்மா கூடத்துக்குள் வந்ததும் உட்காரவில்லை. சுவரோரம் போய்க் கையால் தடவிக்கொண்டே நடந்தார். "கண்ணாடியாட்டம் இருக்கே" என்றார். அம்மாவின் முகத்தை நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்ததில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து குழந்தை எப்படியோ தப்பித்து ஓடிவந்தது. வாசலில் நின்றவரின் காலைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, ஊருக்குப் போகாதே தாத்தா" என்று கத்தி அழ ஆரம்பித்தது. வீடு முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "யாரும்மா அவரு?"

அண்ணி காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தார். அண்ணன் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"பெயிண்டருங்க. பதினஞ்சு நாளா இங்கயே வேலை. புள்ளைக்குப் பழகிடுச்சு. வயசானவங்க யாரைப் பாத்தாலும் தாத்தான்னுதான் கூப்பிடும்."

அது என் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. ஒரு திக்கல் இல்லை, ஒரு விழுங்கல் இல்லை. அவர் வாசலிலிருந்து உள்ளே பார்த்தார். காலில் தொங்கிய குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார்.

"ஆமாங்க. நான் பெயிண்டருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். "வேலை முடிஞ்சிச்சுங்க. கெளம்பிட்டேன்."

அண்ணி தட்டோடு உள்ளே வந்தார். ஒவ்வொருவருக்கும் காபி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். இலை போட்டுப் பரிமாறினார், அப்பளம் இரண்டாவது தடவை கேட்டவருக்குக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் சாப்பிட்டு, கை நனைத்து, வெற்றிலைபாக்கு மாற்றி, தேதி குறித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். கார் திரும்பியதும் அண்ணி பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டார், குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரை போய் அப்பா ஏறிவிட்டாரா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். காலையிலேயே கிளம்பியவர் மத்தியானம் வரை அங்கே நிற்பாரா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர் நின்றிருக்கிறார். மகளிடம் சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வராமல், மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த வெயிலில் நின்றிருக்கிறார். அண்ணி அவரோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அண்ணன் ஒரு வாரம் கழித்துக் கூப்பிடப் போனார், தனியாகத் திரும்பி வந்தார். என் கல்யாணத்துக்கு அண்ணி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னோம். கல்யாணம் முடிந்த மறுமாதம் அண்ணன் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பேராவூரணிக்கே போய்விட்டார். அங்கேயே ஒரு தேங்காய் மண்டியில் சேர்ந்து, பிறகு சொந்தமாக வைத்துக்கொண்டார். மேற்குச் சுவர் சொன்னபடியே மூன்று மாதத்தில் பொங்கி, தட்டுத் தட்டாக விழுந்தது. அம்மா அண்ணியின் அப்பாவுக்குப் போன் செய்து, "இதுதானா உங்க வேலை?" என்று கேட்டார். வந்து சரிசெய்து தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். "வேண்டாம், நல்ல ஆளா நாங்களே பாத்துக்கறோம்" என்று அம்மா போனை வைத்துவிட்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார்.

எனக்கு வர வேண்டியது தஞ்சாவூரில் காத்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். கணவர் சிங்கப்பூர் போய்விட்டார், எனக்கு இன்னும் விசா வரவில்லை. ஒரு மத்தியானம் மாமியாரும் நானும் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய், எங்கள் வீட்டில் கை நனைத்த நாளுக்கு வந்தது. மாமியார் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்கண்ணியோட அப்பாதான் அன்னிக்கு வாசல்ல நின்னது. எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். பேராவூரணியில விசாரிச்சிட்டுத்தான வந்தோம்."

என் கத்தி நின்றுவிட்டது. தெரிந்துகொண்டே ஏன் கேட்டீர்கள் என்று கேட்டேனா என்பதுகூட நினைவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னுதான் கேட்டேன். அவரு எங்க மாமான்னு சொல்லியிருந்தீன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன். சொந்தக்காரன்னு நாளைக்கு நாலு பேரு வந்து நிப்பாங்க பாரு. நீ கண்ணை இமைக்காம சொன்ன. சாமர்த்தியமான பொண்ணு, நம்ம வீட்டுக்கு இதுதான் சரிப்படும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்."

பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் வாஞ்சை இருந்தது. அந்த வீட்டில் என்னை எதற்காக ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் நான் ஒரு நியாயம் பேச வாயெடுத்தால், "நீ பேசலாமா? நீ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா?" என்பார். அவர் சாகும்வரை, இருபது வருடம், அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே என்னை ஆண்டார்.

அம்மா இறந்தபோது அண்ணி வந்தார். வந்த கூட்டத்துக்கெல்லாம் சமைத்துப் போட்டார். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அண்ணன் காரியம் முடித்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு மூவரும் கிளம்பிப் போனார்கள்.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க நானே பேராவூரணிக்குப் போனேன். போனில் சொன்னால் போதும் என்றார் கணவர். வேண்டாமென்றுவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அண்ணன் மண்டிக்குப் போயிருந்தார். அண்ணிதான் கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பாய் விரித்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். பத்திரிகைத் தட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அவருடைய மகள் திருச்சியில் டாக்டருக்குப் படித்துவிட்டு வேலையில் இருக்கிறாளாம்.

அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன். வட்டங்களைப் பற்றியும் சொன்னேன். அழுதேன். அண்ணி நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். தேற்றவில்லை.

"வட்டம் எனக்கு அன்னிக்கே தெரியும். அப்பாவும் சொல்லிட்டாரு, சின்னப் பொண்ணு, விட்டுடுன்னு" என்றார். "நீங்க பெயிண்டர்னு சொன்னீங்க. அதுல தப்பில்ல, அவரு பெயிண்டர்தான். ஆனா புள்ளை கையை அவரே பிரிச்சு விட்டாரு பாருங்க. என் பொண்ணைத் தன் பேத்தி இல்லைன்னு அவரையே சொல்ல வச்சீங்க. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

முன்பெல்லாம் அண்ணி என்னை நீ என்றுதான் கூப்பிடுவார். இப்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்க.

"கல்யாணத்துக்கு உங்க அண்ணன் வருவாரு. நான் வர மாட்டேன். மன்னிக்கல, அதனால வரல. பொய் சொல்லக் கூடாதுல்ல" என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எழுந்து கிளம்பும்போது கொல்லைப்பக்கமிருந்து அண்ணியின் அப்பா வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு முழுக்கத் தூசி என்று டாக்டர் பேத்தி சொல்லியிருக்கிறாளாம். எத்தனையோ வீட்டுத் தூசி. அதில் எங்கள் வீட்டுத் தூசியும் எங்கோ இருக்கும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதும் அவசரமாகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார். "வாங்கம்மா, எப்ப வந்தீங்க?" என்றார்.

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "மாமா" என்றேன். முறைப்படி அவர் எனக்கு மாமா. ஆனால் அண்ணன் கல்யாணத்திலிருந்து அந்த நாள்வரை நான் அவரை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று.